கூட இருக்கிறவள்

என் கூட இருக்கிறவளுக்குப் பிரஷர் கூட. இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் காதில் இரண்டாவது ‘கூட’ மட்டும்தான் விழும். உடனே உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், காலையில் நடக்கச் சொல்வார்கள், கோபத்தை விடச் சொல்வார்கள். முதல் ‘கூட’ என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பயந்துதான் அவளுக்குப் பிரஷரே வந்தது என்பது என் கட்சி. இல்லை, உன் வாயால்தான் வந்தது என்பது அவள் கட்சி.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நீளப் பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தால் அப்புறம் அவள் ராஜ்ஜியம். ஹாரன் அடித்தால் தூங்குகிற பிள்ளைகள் பதறி எழுந்துவிடும் என்று அடிக்கமாட்டாள். ஜன்னலில் தலையை நீட்டி ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரலுக்கு லாரிக்காரர்கள் ஒதுங்குவார்கள். அதற்குப் பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை, பழகிவிட்டது. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயரே ஹாரன். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எது எங்கே தூங்கிப்போகும், எதை எந்த வாசலில் யார் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள். பஸ்ஸை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் இருப்பது நானும் அந்தத் தொப்பியும்தான்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறேன். கண் மங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்ள எல்லோருக்கும் கூச்சம். முன்னால் உட்கார்ந்தவர் வாசித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து அப்படியே ஒப்பிப்பார்கள். அதனால் ஆளுக்கு ஆள் அட்டையை மாற்றிவிடுவேன். ஊரான் பொய்யையெல்லாம் இப்படிப் பிடிக்கிறவள், வீட்டுக்குள் நடந்ததில் கோட்டை விட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாம் ஒரு தலையாட்டலில் ஆரம்பித்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இந்த மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டுப் போனோம். வீட்டுக்காரம்மா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அக்கா தங்கச்சியா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் தலையை ஆட்டிவிட்டாள்.

“அதானே பார்த்தேன். மூக்கு அப்படியே அச்சு” என்றார் வீட்டுக்காரம்மா.

என் மூக்கு சப்பை. இவளுடையது கிளிமூக்கு. சாவி கைக்கு வந்த சந்தோஷத்தில் மூக்கைப் பற்றி யார் சண்டை போடுவார்கள்? ஆனால் அக்கா தங்கச்சி என்றால் ஒரு அம்மா வேண்டும், ஒரு அப்பா வேண்டும். அம்மா சர்க்கரை வியாதியில் போனார் என்று ஒரு நாள் சொன்னாள். அப்பா விபத்தில் போனார் என்று இன்னொரு நாள் சொன்னாள். அக்காவுக்கு ஆகாமல் தங்கச்சி கல்யாணம் செய்துகொள்ளமாட்டாளாம் என்ற கதையை வீட்டுக்காரம்மாவே கட்டிக்கொண்டார். என்னை யார் தலையிலாவது கட்டிவிட்டால் இவளுக்கு வழி பிறக்கும் என்று எனக்குத்தான் முதலில் மாப்பிள்ளை பார்த்தார். மனைவியை இழந்தவர், பல்லை இழந்தவர் என்று வரிசையாக வந்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நாங்கள் கல்யாணமே செய்யாமல் ஆயிரத்தையும் சொல்லி முடித்துவிட்டோம்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் என்னை “ஏய்” என்பாள், “இங்க வாடி” என்பாள். வாசற்படி தாண்டினால் நான் “அக்கா”. கடைத்தெருவில் கூட்டத்தில் “அக்கா, இந்தப் பக்கம்” என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காதலித்தவள் வாயால் அக்கா என்று கேட்பது சின்னக் கொடுமை இல்லை. பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பிரஷர் முதலில் வந்தது எனக்குத்தான். தெருமுனையில் ஒரு கிளினிக். வயசான டாக்டர், கைராசிக்காரர், ஆனால் அவசரக்காரர். சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று எழுதினார். எனக்கு அது உடனே கேட்டது. அன்றைக்கு நர்ஸம்மா, “கூட வந்தவங்க யாரு?” என்று கேட்க, இவள் எழுந்து நின்று “தங்கச்சி” என்று சொன்னாள். போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை. யார் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தோம்.

அடுத்த வருஷம் பஸ் கம்பெனியில் டிரைவர்களுக்கு உடம்பு பரிசோதனை நடந்தது. இவளுக்குப் பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பிள்ளைகளை ஏற்றுகிற பஸ், ரிஸ்க் எடுக்க முடியாது என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஷெட்டில் மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் பிரஷர் இறங்கி, டாக்டர் கையெழுத்தும் வந்தால் பஸ் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் அந்த ரூட் வேறு ஆளுக்குப் போய்விடும். அன்று வீட்டுக்கு வந்தவள் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மறுநாள் அது ஆணியிலேயே இருந்தது. 

அதே கிளினிக்குக்குத்தான் போனோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“கல்யாணம் ஆச்சாம்மா?” என்று டாக்டர் ஆரம்பித்தார்.

“இல்ல சார்.”

“அதான் பிரச்சனையே. தனியா இருந்தா மனசு அலையும். அம்மா அப்பாவுக்கு பிரஷர் உண்டா?”

இவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரம்மாவுக்குச் சொன்னதும் இதுவும் முட்டிக்கொள்ளக் கூடாதே என்று யோசிக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. “அம்மா சர்க்கரையில போயிட்டாங்க சார்” என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பி முகம் மலர்ந்தார். “அட, நம்ம கண்ணாடிக் கடை அக்கா. உங்க தங்கச்சியா? அப்ப சந்தேகமே வேண்டாம், பரம்பரைதான். உங்களுக்குக் கேட்ட மாத்திரையே இவங்களுக்கும் கேட்கும்.”

ஒரு மனிதர் எவ்வளவு சந்தோஷமாகத் தப்புக் கணக்குப் போடுகிறார் பாருங்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் கொடுத்த அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்வார்?

மாத்திரை சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அவள் கால் வீங்கியது. கணுக்கால் எலும்பே தெரியவில்லை. ஷூ ஏறவில்லை. டிரைவருக்குக் கால்தானே எல்லாம்? மறுபடி போனோம். டாக்டர் காலை எட்டிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு வீங்குச்சாம்மா?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். “அக்காவுக்கு இல்லையே. அப்ப மாத்திரையால இல்ல. ஷெட்டுல நின்னுக்கிட்டே இருக்கறதால இருக்கும்.” பிரஷர் இறங்காததைப் பார்த்து அதே மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி எழுதினார். ரோட்டில் லாரிக்காரனை ஒதுக்குகிறவள் தலையை ஆட்டிக்கொண்டு சீட்டை வாங்கினாள். எனக்கு அவளை உலுக்கலாம் போல் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஏன் வாயே திறக்கல?”

“அக்கா, ரோட்டுல வெச்சுப் பேசாத” என்றாள்.

அதன் பிறகு கால் வீக்கம் வடிந்தது. பரவாயில்லையே, டாக்டர் சொன்னது சரிதான் போல என்று நானும் நம்பினேன். தினமும் காலையில் என் எதிரில்தான் மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் குடிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அவள் பேண்ட் பாக்கெட்டில் வெள்ளையாகக் கூழ் மாதிரி என்னவோ விரலில் ஒட்டியது.

“இது என்ன?”

“சோப்பு.”

“சோப்பு கசக்குமா?”

“ருசி வேற பார்த்தியா?”

“பின்ன உன்னை நம்பச் சொல்றியா?”

டம்ளரைத் தூக்குகிற கை என் கண்ணுக்கு, மாத்திரை பிடித்த கை பாக்கெட்டுக்கு. எத்தனை நாளாக நடந்ததோ தெரியாது. அட்டையை மனப்பாடம் செய்கிறவர்களைப் பிடிக்கிற கண், சாப்பாட்டு மேஜையில் குருடாகிவிட்டது. வந்த ஆத்திரத்தில் ஈரத் துணியோடு வாளியை எட்டி உதைத்தேன். கால் விரலில் அடிபட்டதுதான் மிச்சம்.

“கால் வீங்குதுன்னா அவர்கிட்ட சண்டை போட்டு மாத்தி வாங்கணும். பாக்கெட்டுல போட்டா பாக்கெட்டுக்கா பிரஷர்?”

“என்னன்னு சண்டை போட? அவ கால் வேற, என் கால் வேறன்னா?”

“ஆமா. அதைத்தான் சொல்லணும்.”

“சொன்னா அடுத்து என்ன கேப்பாரு? அக்கா தங்கச்சி கால் எப்படி வேறன்னு கேப்பாரு. நான் ஒண்ணு சொல்லுவேன், அது நர்ஸம்மாவுக்குப் போகும், அங்கேயிருந்து கம்பெனிக்குப் போகும். நான் பிள்ளைங்களை ஏத்தறவ. ஒரே ஒரு அம்மா வந்து, இவ ஓட்டற பஸ்ல என் பிள்ளையை அனுப்பமாட்டேன்னு சொன்னாப் போதும். தெரியுமா உனக்கு?”

தெரியும். சொன்னால் பஸ் போகும், சொல்லாவிட்டால் பிரஷர் இறங்காமல் பஸ் போகும். சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் அந்த இடத்திலேயே வந்து நின்றது. அவள் கீழே உட்கார்ந்து நான் கொட்டிய தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“பஸ் போனா ஷெட்டுல இருந்துக்கலாம். நீ போயிட்டா?” என்றேன். “அந்த பஸ்ஸை யார் வேணா ஓட்டுவாங்க. என் கூட யாருடி இருப்பா?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. சண்டையில் அவளை வாயடைக்கச் செய்தது அதுதான் முதல் தடவை. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

பள்ளி திறக்கப் போகிற வாரம். கையெழுத்துக்காகக் கிளினிக்குக்குப் போனோம். நர்ஸம்மா பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “கூட இருக்கே தங்கச்சி” என்றார். டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“மாத்திரை சாப்பிடறீங்களா?”

“கால் வீங்குது சார். நிறுத்திட்டேன்.”

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? கால் வீக்கமெல்லாம் மனசும்மா. அக்காவைப் பாருங்க, அதே மாத்திரைதானே சாப்பிடறாங்க? ஒரே ரத்தம்தானே? அவங்களுக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கு மட்டும் எப்படி ஒத்துக்காமப் போகும்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது ஒரு தரம் கண்ணாடியில் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“ஒரே ரத்தம் இல்ல சார்.”

“சித்தி பொண்ணா?”

“இல்ல.”

“எடுத்து வளர்த்தாங்களா?”

“இல்ல சார். இவ என் கூட இருக்கறவ.”

“கூடன்னா? ஒரே ரூம்லயா?”

அப்போதுதான் ஹாரன் அடித்தது. “கூடன்னா கூடத்தான் சார். உங்க வீட்டுல உங்க கூட ஒருத்தங்க இருக்காங்கல்ல? அப்படி. பதினாறு வருஷமா.”

கதவு சாத்தித்தான் இருந்தது. அந்தக் குரலுக்குக் கதவு எம்மாத்திரம்? வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை நிறுத்திவிட்டார். நர்ஸம்மா ஏற்கெனவே நேராக இருந்த பஞ்சு டப்பாவை நேராக்கினார்.

டாக்டர் முகம் சிவந்தது. அவர் பேனாவை மேஜைமேல் போட்டார்.

“ஏம்மா, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? பரம்பரை பரம்பரைன்னு நான் பாட்டுக்கு மாத்திரையைக் கூட்டிக்கிட்டு இருக்கேன். அப்ப அந்த அம்மா யாரு? சர்க்கரையில போனாங்களே?”

“அது வீட்டுக்காரம்மாவுக்காகச் சொன்னது சார்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “இவங்களுக்காகவா?”

“இல்ல சார், வாடகை வாங்கறவங்க” என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

நர்ஸம்மா இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இப்படி மறைச்சு மறைச்சு வாழறவங்களுக்கு பிரஷர் அதிகமா வருதுன்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். கேட்கணும்னு தோணல” என்றார். படித்தாராம், தோணவில்லையாம். அந்த நேரத்தில் அவரை என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்றைக்குத்தான் அவர் முதல் முறையாகக் குனிந்து அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“கம்பெனிக்கு...” என்று இவள் இழுத்தாள்.

“கம்பெனிக்கு பிரஷர்தான் போகும். உங்க வீட்டு விஷயம் போகாது.” நர்ஸம்மாவையும் ஒரு பார்வை பார்த்தார். “ஆனா பிரஷர் இறங்கணும். இன்னொரு தடவை பாருங்க சிஸ்டர்.”

மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று சொல்கிறவர்கள் பிரஷர் மெஷின் பக்கம் வந்ததில்லை. முன்பு இருந்ததைவிட ஏறியிருந்தது. நர்ஸம்மா அதை வாய்விட்டுச் சொல்லாமல் டாக்டரிடம் காட்டினார்.

“இருக்கட்டும். இப்ப உங்க சொந்த அம்மாவைப் பத்திச் சொல்லுங்க. இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“பிரஷர் உண்டா? எந்த வயசுல வந்துச்சு? என்ன மாத்திரை?”

“தெரியாது சார். பேச்சு வார்த்தை இல்ல.”

“கேட்டுட்டு வாங்க. இந்தத் தடவையாவது உண்மையான அம்மாவா இருக்கட்டும்.”

வெளியே மழை. உள்ளே மறந்த குடையை நான் கிளினிக் வாசலிலிருந்து திரும்ப உள்ளே ஓடி எடுத்து வந்தேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தவள், “ஏய், வாடி, மழை வலுக்கப் போகுது” என்று கத்தினாள். பாதித் தெரு திரும்பிப் பார்த்தது. நான் குடையை விரிக்கவும் மறந்து நனைந்துகொண்டே கடந்தேன்.

வீட்டுக்கு வந்து போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா நம்பர் மனப்பாடம். பதினாறு வருஷமாக அடிக்காத நம்பர், எங்கள் விஷயம் தெரிந்து வீட்டைவிட்டுப் போகச் சொன்னதிலிருந்து. டீ போடச் சொன்னாள், ஆறவிட்டாள், இன்னொன்று போடச் சொன்னாள். நானே அடித்து ஸ்பீக்கரில் வைத்தேன்.

“யாரு?” என்றது குரல். இன்னொரு ஹாரன். தொண்டையும் பரம்பரைதான் என்று அப்போது தெரிந்தது.

“நான்தான்.”

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது. “என்ன?”

“உனக்கு பிரஷர் இருக்கா?”

“இத்தனை வருஷம் கழிச்சு போன் பண்ணிக் கேக்கற கேள்வியா இது?”

“டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

“இருக்கு. நீ போன வருஷமே வந்துச்சு. இன்னும் போகல.”

இவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. எந்த மாத்திரை கொடுத்தார்கள் என்று அந்தம்மா கேட்டார். பெயரைச் சொன்னதும் சீறினார். “அந்தச் சனியனா? அதைத் தின்னு என் காலு தூணாட்டம் வீங்கிப்போச்சு. கத்தி மாத்தி வாங்கினேன். நீ ஏன் வாயில்லாப் பூச்சியாட்டம் தின்னுக்கிட்டு இருந்த?” உள்ளே போய், டப்பாவைத் தேடி எடுத்துவந்து, தான் இப்போது சாப்பிடுகிற மாத்திரையின் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தார். நான் பேப்பர் கிடைக்காமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மறுபடி கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் என் கையைப் பார்த்துத் தலையை ஆட்டி அதையே எழுதினார். கால் வீங்கவில்லை. பள்ளி திறந்து முதல் வாரம் ரூட் வேறு ஆளிடம்தான் இருந்தது. அந்த வாரம் அவள் கூட ஒரே வீட்டில் இருந்ததற்கு எனக்குத் தனியாக மாத்திரை தந்திருக்க வேண்டும். பிறகு பிரஷர் இறங்கியது, கையெழுத்து வந்தது, தொப்பி ஆணியை விட்டு இறங்கியது. வீட்டுக்காரம்மா காதுக்கு விஷயம் எட்டிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு மாப்பிள்ளை வருவது நின்றுவிட்டது. மூக்கைப் பற்றியும் இப்போதெல்லாம் பேசுவதில்லை.

அந்த போனின் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாத்திரைப் பெயர் முடிந்ததும் வைத்துவிடலாமா என்று நான் கையை நீட்டினேன்.

“கூட யாரு இருக்கா?” என்று கேட்டார் அந்தம்மா.

இவள் என்னைப் பார்த்தாள். “அவதான்.”

“இன்னுமா?”

“இன்னும்தான்.”

அப்புறம், “உப்பைக் கம்மியாப் போடச் சொல்லு அவளை” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குப் பிரஷர் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் உப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கே செத்துவிட்டது. ஷெட்டில் சிப்ஸ் பாக்கெட்டாக வாங்கித் தின்றது யார் என்று அவர் மகளைக் கேட்டிருக்க வேண்டும். வேறு யாராவது சொல்லியிருந்தால் திரும்ப போன் போட்டு ஒரு பிடி பிடித்திருப்பேன். ஆனால் மாமியார் முதல் முதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டேன்.